பதினொரு விநாடி மௌனம்

கட்டுரை ஏட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் நாம் ஆசிரியையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம். ஆனால் வெட்டுவதும் ஒட்டுவதுமே பாடமாக உள்ள ஒரு வகுப்பு இருக்கிறது என்றால் நம்புவீர்களா, தோழிகளே? அத்தகைய வகுப்பு ஒன்றில் சென்ற கோடை விடுமுறையில் பத்து நாட்கள் பயிலும் நல்வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே நான் கற்றதையும், கற்ற சூட்டோடு நான் செய்த பெரும் பிழையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த சமயம். நம் தலைமைச் சகோதரி என்னை அழைத்து, "தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பள்ளி மாணவிகளுக்கு டிஜிட்டல் ஊடகப் பயிற்சி நடக்கிறது. நீ போய் வருகிறாயா?" என்று கேட்டார்கள். என் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. கல்லூரி வாசலில் கால் வைத்தபோது ஏதோ பெரியவளாகிவிட்டதைப் போன்ற நினைப்பு. ஆனால் உள்ளே சென்றதும் அந்த நினைப்பு சற்றே சுருங்கியது. வந்திருந்த மாணவிகள் பலர் மடிக்கணினியோடு வந்திருந்தார்கள். என்னிடம் இருந்ததோ அம்மாவின் பழைய கைப்பேசி ஒன்றுதான்.

"அது போதும் அம்மா. கருவி பெரிதல்ல, காதுதான் பெரிது" என்றார் எங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியை. அவர் கூறியது எவ்வளவு உண்மை என்பதைப் போகப் போகத் தெரிந்துகொண்டேன்.

முதல் மூன்று நாட்கள் ஒலிப்பதிவு. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் மைக்கைப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் 'ப' என்னும் எழுத்தைச் சொல்லும்போதெல்லாம் காற்று மோதிப் படபடக்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வெறும் சுவர் உள்ள அறையில் எதிரொலி மிகுதி. ஆகவே போர்வையோ பாயோ தொங்கவிட வேண்டும். யாரும் பேசாதபோதும் அந்த அறைக்கென்று ஓர் ஓசை உண்டாம்! அதையும் அரை நிமிடம் தனியே பதிந்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒட்டுப் போட உதவும்.

கணினி ஒலியை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதும் எனக்கு வியப்பாக இருந்தது. மனிதக் காது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அதை எண்களாக எழுதிக்கொள்ள வேண்டுமானால் அதைப்போல் இரு மடங்குக்கும் கூடுதலான முறை அளந்து பார்க்க வேண்டும். ஆகவே குறுந்தகட்டின் தரத்தில் ஒரு விநாடி ஒலி 44,100 முறை அளக்கப்படுகிறது. நாம் "அம்மா" என்று அழைத்து முடிப்பதற்குள் எத்தனை ஆயிரம் எண்கள்!

அடுத்து வந்தது தொகுப்பு. முற்காலத்தில் வானொலி நிலையங்களில் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டிப் பசை நாடாவால் ஒட்டுவார்களாம். கை தவறினால் தவறியதுதான். இன்றோ 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலியை அலைக்கோடாகக் கண்ணால் பார்த்தே வெட்டலாம். தவறினால் ஒரு விசையைத் தட்டினால் போதும், வெட்டியது மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். "ஆயினும் மூலப் பதிவைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும்" என்று பேராசிரியை பன்முறை எச்சரித்தார்.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய 'அண்ணா எஃப்.எம்.' தான் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி என்றும் அவர் சொன்னார். பெரிய நிலையங்களில் இடம் கிடைக்காத எளிய மக்களின் குரலும் ஒலிக்க வேண்டும் என்பதே சமுதாய வானொலியின் நோக்கம். அதைக் கேட்டதும் என் மனத்தில் ஒரு முகம் தோன்றியது. அது என் ஆச்சியின் முகம்.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் மூன்று நிமிடத்திற்கு ஓர் ஒலிச்சித்திரம் செய்து தர வேண்டும். நான் ஆச்சியைத் தேர்ந்தெடுத்தேன். ஆச்சி முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரை சேர்ப்பார்கள். அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் குவிப்பார்கள். வெயிலில் உப்பு கண்ணாடியைப் போல் பளீரென்று அடிக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஆச்சியின் கண்கள் மங்கிவிட்டன. காலில் உப்புநீர் அரித்த தழும்புகள் இன்னும் உண்டு.

ஒரு மாலைப் பொழுதில் மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஆச்சியைப் பேச வைத்தேன். அம்மா அடுக்களையில் இருந்தார்கள். ஆச்சி இருபது நிமிடம் பேசினார்கள். நடுவில் ஓரிடத்தில், "உங்க அம்மைய படிக்க வைக்கணும்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். நெடுநேரம் பேசவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தமும் நின்றது. பிறகு, "முடியல. எட்டாங் கிளாசோட நிறுத்தி, பெட்டி தூக்கக் கூட்டிட்டுப் போயிட்டேன். அது எம் மனசுல கெடந்து அறுக்கு" என்றார்கள்.

மறுநாள் கல்லூரியில் தொகுக்க அமர்ந்தேன். அந்த மௌனத்தை அளந்து பார்த்தேன். பதினொரு விநாடிகள்! கணினியின் கணக்கில் அது 4,85,100 எண்கள். ஆனால் திரையிலோ அலைக்கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது. "நீண்ட இடைவெளிகளை முதலில் வெட்டுங்கள்" என்று பாடத்தில் படித்திருந்தேன். வெட்டினேன். அதோடு நின்றேனா? இல்லை. அதற்குப் பின்னால் வந்த வாக்கியங்களையும் வெட்டினேன். இறுதியில் ஆச்சி சொன்ன "கடவுள் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம்" என்பதை எடுத்து அங்கே ஒட்டினேன். பின்னணியில் புல்லாங்குழல் இசை சேர்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தி!

நேரம் போதவில்லை என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. என் தாய் எட்டாம் வகுப்போடு நின்று உப்புச் சுமந்தவர் என்பது அந்த மடிக்கணினித் தோழிகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற கூச்சம்தான் என் கையைப் பிடித்து வெட்ட வைத்தது. இதை எழுதும்போதும் எனக்கு நாணமாக இருக்கிறது.

அன்றிரவு வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பெருமையோடு ஒலிக்கவிட்டேன். "உங்க அம்மைய படிக்க வைக்கணும்னுதான் நெனச்சேன். கடவுள் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம்." குழல் இனிமையாக ஒலித்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

ஆச்சி என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நடுவுல உள்ளத எங்க காணோம்?" என்றார்கள்.

"நீங்க ரொம்ப நேரம் பேசாம இருந்தீங்க ஆச்சி. அதான் எடுத்துட்டேன்."

"அதச் சொல்லத்தானட்டி எனக்கு அவ்வளவு நேரம் ஆச்சு" என்றார்கள் ஆச்சி.

எனக்குச் சுரீரென்றது. அப்போதுதான் விளங்கியது. ஆச்சி அன்று மைக்கிடம் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. அடுக்களையில் நின்ற தம் மகளிடம் பேசியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாய் மகளிடம் கேட்ட மன்னிப்பை நான் கத்தரித்து எறிந்துவிட்டேன்! ஆச்சி சொல்லாத ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. எல்லாம் அவர்கள் குரல்தான். ஆயினும் அது பொய்.

அடுத்த நாள் காலையில் பேராசிரியையிடம் சென்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இருமலை வெட்டலாம், திரும்ப வந்த சொல்லை வெட்டலாம். வெட்டிய பிறகு பேசியவரே கேட்டு, 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று சொல்ல வேண்டும். அதுதான் அளவுகோல்" என்றார். மூலப் பதிவு என் கைப்பேசியில் பத்திரமாக இருந்தது. அவருடைய எச்சரிக்கை என்னைக் காப்பாற்றியது.

ஆனால் மூன்று நிமிடக் கணக்கு இருக்கிறதே! மௌனத்தைத் திரும்ப வைக்க வேண்டுமானால் வேறு எதையாவது எடுக்க வேண்டும். புல்லாங்குழலை எடுத்தேன். பின்பு, "அன்பு நேயர்களே" என்று தொடங்கி நான் அழகழகாகப் பேசிய முன்னுரையை முழுவதும் எடுத்தேன். அது இருபத்தைந்து விநாடி. என் குரலே இல்லாத ஒலிச்சித்திரமாக அது முடிந்தது. அதை ஆச்சிக்கும் அம்மாவுக்கும் போட்டுக் காட்டி, அம்மாவிடம், "இதை அங்கே ஒலிபரப்பலாமா?" என்று கேட்டேன். அம்மா சற்று யோசித்து, "போடு. நடந்ததுதானே" என்றார்கள்.

நிறைவு நாளன்று பெற்றோர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். அம்மா பின்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஆச்சியின் குரல் அரங்கத்தில் ஒலித்தது. அந்த இடம் வந்ததும் மௌனம். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று எண்ணி ஒருவர் எழுந்தார். பேராசிரியை கையமர்த்தினார். அந்தப் பதினொரு விநாடியில் எங்கோ ஒரு காகம் கரைந்ததும், தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்ததும் கேட்டன. பிறகு ஆச்சி பேசினார்கள். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் பரிசு ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் மடிக்கணினியோடு வந்திருந்த ஒரு தோழி என்னிடம் வந்து, "உங்க அம்மா எங்கே? நான் பேசணும்" என்று கேட்டாள். நான் எதற்காக வெட்கப்பட்டேனோ அதற்காகவே அவள் என் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் அம்மா, "அத என் போன்லயே இருக்கட்டும், அழிச்சிராத" என்றார்கள்.

அன்புத் தோழிகளே! இன்று நம் எல்லோர் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. படம் பிடிக்கவும் வெட்டவும் பலருக்கும் அனுப்பவும் ஒரு நிமிடம் போதும். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது, நான் வெட்டுவது இரைச்சலையா, உண்மையையா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். பத்து நாட்களில் நான் கற்ற கலைகள் பல. ஆனால் வெட்டாமல் விட வேண்டிய இடம் எது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், பள்ளிக்கூடம் போகாத என் ஆச்சிதான்.



பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி