செயலி என்னும் புதுப்பண்டம்

கையிலடங்குந் தொலைபேசியும், நாம் பாலர் வகுப்பிற் சுமந்த சிலேற்றை ஒத்த பலகைக் கணினியும் தம்மளவில் வெறும் பாத்திரங்களே. அவற்றை வேலை செய்விப்பவை செயலிகள். 2007ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபோது பிறர் ஆக்கிய செயலிகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. 2008 யூலையிலேதான் அப்பிள் நிறுவனத்தார் ஏறக்குறைய 500 செயலிகளோடு கடை திறந்தனர். கூகிளின் கடையும் அவ்வாண்டிலேயே வந்தது.

கடையென்றாலும் பலவற்றுக்கு விலையில்லை. விலையில்லாப் பண்டத்தை ஐயுறுதல் எம்மூரார் வழக்கம். இங்கு அது மிகப் பொருந்தும். கைவிளக்குச் செயலியொன்று நம் நண்பரின் தொலைபேசி இலக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்பின் மறுத்துவிடுக. வெளிச்சத்திற்கு அவை வேண்டியதில்லை.

எனினும், பழைய மாணவர் யாவரும் ஏற்றிக்கொள்ள வேண்டியதென நாம் கருதுவது ஒன்றுண்டு: தமிழ் விசைப்பலகை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் வாட்சப்பில் வரையும் மடல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே வருகின்றன. எழுதியவர் கருதியது பழமா, பலமா, பாலமா என்று திகைக்கின்றோம். முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' 2005இலேயே கைத்தொலைபேசியில் தமிழெழுத வழிசெய்தது. இன்று கூகிளின் விசைப்பலகையிலும் தமிழ் உண்டு, விலையுமில்லை.

எம் வற்புறுத்தலால் வகுப்புத் தோழரொருவர் அண்மையில் தமிழில் முதன்முறை மடல் விடுத்தார். ரகரமும் றகரமும் அன்றுபோலவே இடம்மாறிக் கிடந்தன. இருமுறை வாசித்தோம்.