நடுவில் வரும் பந்து

என் வலது புருவத்தின் மேல் இரண்டு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. "பிக்கிள்பால் ஆடும்போது பட்டது" என்று தொலைபேசியில் சொன்னதும், கொல்கத்தாவில் இருக்கும் அக்கா பதறிவிட்டாள். "ஊறுகாய் ஜாடி தலையில விழுந்துதா?"

ஜாடி இல்லை, என் கணவரின் மட்டை.

நவி மும்பையில் எங்கள் குடியிருப்பில் இருந்த பாட்மின்டன் மைதானத்தை இரண்டு வருடங்களுக்கு முன் பிக்கிள்பாலுக்கு மாற்றினார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே அளவு - 20 அடி அகலம், 44 அடி நீளம். வலையை நடுவில் 34 அங்குல உயரத்துக்கு இறக்கி, சில கோடுகளைப் புதிதாக வரைந்தால் போதும். 1965இல் அமெரிக்காவில் பெய்ன்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் சலித்துப்போயிருந்த குடும்பத்தினருக்காகக் கையில் கிடைத்ததை வைத்து உண்டாக்கிய ஆட்டம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. மூட்டு வலிக்காரர்களுக்கும் தோதாக இருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு என் கணவர் சேர்ந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அவர் இடது கைக்காரர். இது எனக்கே கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, சுவரில் ஆணி அடித்தபோதுதான் தெரிந்தது. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கையால்தான். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்து மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் மாமியார், "பீச்சாங்கையை நீட்டாதே" என்று மாற்றியிருக்கிறார். சுத்தியலும் மட்டையும் மட்டும் தப்பித்துவிட்டன.

மைதானத்தில் முதல் நாளே இளைஞர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். காரணம் எளிது. வலது கைக்காரர் இருவர் ஜோடி சேர்ந்தால், இடப்பக்கம் நிற்பவருக்கு நடுவில் வரும் பந்து ஃபோர்ஹேண்டுக்கு வரும்; வலப்பக்கம் நிற்பவருக்கு பேக்ஹேண்டுக்குப் போகும். ஆகவே நடுப்பந்து யாருடையது என்பதில் சண்டை குறைவு. நான் இடப்பக்கமும் அவர் வலப்பக்கமும் நின்றாலோ இரண்டு ஃபோர்ஹேண்டும் நடுவில்! எதிராளிக்குச் சந்து கிடைக்காது. பாட்மின்டனில் ஜ்வாலா கட்டா இடது கை, அஸ்வினி பொன்னப்பா வலது கை. 2011இல் லண்டன் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்கள். டென்னிஸில் இரட்டையர் பிரையன் சகோதரர்களும் அப்படித்தான். சேர்ந்து 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். என் கணவர் இந்தப் பட்டியலை வருவோர் போவோருக்கெல்லாம் ஒப்பித்தார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இருவருக்கும் வசதியான பந்தை இருவருமே அடிப்பார்கள். அப்படித்தான் தையல்.

அதற்கு மறுவாரம் அவர் மட்டையை வலது கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "என்னங்க இது?" என்றேன். "அம்மா சொன்னது சரிதான். இந்தக் கை ராசியில்லை" என்றார். அறுபது வயதில்! அன்று அவர் அடித்த பந்துகள் ஒன்றுகூட வலையைத் தாண்டவில்லை. எனக்குப் புருவம் வலித்ததைவிட அதுதான் வலித்தது. வீட்டுக்கு வந்ததும், இடது கையால் ஆடினால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு முறையாகக் கற்றுக்கொண்டோம். சர்வீஸ் போடும் ஜோடி ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கம் மாற வேண்டும் என்பதால், பாதி நேரம் இரண்டு பேக்ஹேண்டும் நடுவில் வந்துவிடும். மூன்றாவது மாடி குஜராத்தித் தம்பதி அங்கேயேதான் குறிவைத்து அடிப்பார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சர்வீஸ் போடுபவரும் அதை வாங்குபவரும்தான் சரியான இடத்தில் நிற்க வேண்டும். கூட்டாளி எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், கோட்டுக்கு வெளியே கூட. நான் வலப்பக்கமிருந்து சர்வீஸ் போடும்போது அவரும் அதே பக்கம் ஓரமாக நிற்பார். பந்து கை விட்டதும் நான் இடப்பக்கம் ஓடுவேன். அவர் உள்ளே வருவார். கேட்க எளிது. புள்ளிக் கணக்கை மறந்து தப்பான ஆள் சர்வீஸை வாங்கினால் புள்ளி போச்சு. எத்தனையோ போச்சு.

இன்னொரு பாடம், நடுப்பந்துக்கு யாராவது ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். "ஆன்ட்டி, 'மைன்' போலோ!" என்று பையன்கள் கத்துவார்கள். எனக்கு வாய் வராது. அவர் இருக்கும்போது நான் எதையாவது "என்னுடையது" என்று சத்தமாகச் சொல்லிப் பழக்கமா என்ன? மாதக்கணக்கில் "நீங்க, நீங்க" என்றே கத்தினேன். சுலபமான பந்துகளுக்கும்தான்.

போன ஞாயிறு குஜராத்தித் தம்பதியோடு ஆட்டம். ஒன்பதுக்கு ஒன்பது. பந்து சரியாக எங்கள் நடுவே வந்தது. அவர் இடது கை எழும்பியதைப் பார்த்தேன். "மைன்!" என்று கத்திவிட்டேன். இரண்டாவது மாடி ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் கை அப்படியே நின்றது.

பந்தை நேராக வலையில் அடித்தேன்.

"பரவாயில்லை" என்றார் அவர். "சத்தம் நல்லா இருந்தது."