ஒற்றைத் தலையிடியும் உலக முடிவும்

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. காய்ச்சலுக்காவது வெப்பமானி சாட்சி சொல்லும். தலையிடிக்குச் சாட்சி ஏது? ஒற்றைத் தலையிடிக்காரர் மற்றைய நாள்களில் எல்லோரையும் போலவே உண்டு, உழைத்து, சிரித்துத் திரிவர். ஆதலினால், அவர் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டறையிற் கிடக்கும் ஒரு நாளைச் சொந்தக்காரரே சோம்பல் என்று ஐயுறுவதுண்டு. உலகில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் இந்நோயை அறிவர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. சுற்றுலா என்று வீடு முழுவதும் குதூகலிக்கும்போது, "நீங்கள் எல்லோரும் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாசலில் நின்று வழியனுப்பும் தாய்மாருள் எத்தனை பேர் இந்நோய்க்கு அஞ்சி நிற்கின்றனரோ!

நாமும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எம்மோடு குடியிருக்கும் இவ்விருந்தாளியையும் அழைத்துக்கொண்டே ஹோட்டன் சமவெளிக்குச் சென்று வந்தோம். அம்மலைவெளியின் அழகையும், இந்நோயுடையார் அங்கு செல்லும்போது மனத்திற் கொள்ள வேண்டியவற்றையும் சேர்த்துச் சொல்வதே எமது நோக்கம்.

வேட்டைக்காரரின் வெளி

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், 3,160 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடப்பது இச்சமவெளி. சிங்கள மக்கள் இதனை மகா எலிய என்பர். 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். ஒருபுறம் இடுப்பளவு புல். மறுபுறம் பாசி போர்த்த குள்ள மரங்கள் குடைபிடித்து நிற்கும் முகிற்காடு. மகாவலிக்கும் வளவை கங்கைக்கும் நீர் வார்க்கும் ஓடைகள் பல இங்கேதான் பிறக்கின்றன.

இன்று நாம் கண்ணாற் கண்டு மகிழும் இவ்வெளி, ஒரு காலத்தில் துப்பாக்கியும் வேட்டைநாயும் ஆண்ட வெளி. ஆபிரிக்கப் பயணங்களாற் பின்னர் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், இலங்கைத் தாழ்நிலக் காடுகளில் வேட்டையாடித் திரிந்து, காட்டுக்காய்ச்சலால் நலிந்து, உடல் தேறும் பொருட்டே முதலில் நுவரெலியாவுக்கு வந்தார். மலைக்காற்று அவரைத் தேற்றியது. 1848 இல் திரும்பி வந்து அங்கேயே குடியேறினார். நாய்களை ஏவி மரைகளைத் துரத்தி, கையிற் கத்தியோடு அவற்றை எதிர்கொள்வது அவருக்கு விருப்பமான வேட்டை. நோயாளியாக வந்த ஒருவர் மலையேறியாக மாறிய கதை இது என்பதால், கொலைத்தொழிலை நாம் விரும்பாவிடினும், அவரது வரலாற்றை ஆவலோடு படித்தோம்.

1873 இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது விடுமாறு அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஹோட்டன் சமவெளி 1969 இல் சரணாலயமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காட்டுப் பகுதிகளோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வேட்டைக்காரரின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால், ஒற்றைத் தலையிடிக்கு அதைவிட உகந்த அழைப்பு வேறில்லை எனலாம். நள்ளிரவு கழிந்தவுடன் எழுதல், வெறும் வயிற்றோடு நடத்தல், தண்ணீரை மறத்தல், வெயிலிற் கண் கூசக் காத்திருத்தல், செவிப்பறை அதிரும் வெடியோசை, மருந்துப்புகையின் நெடி! துப்பாக்கி போய் நிழற்படக் கருவி வந்துவிட்டது. வெடியும் புகையும் போயின. ஆனால் அந்த அகால எழுச்சியும், பட்டினியும், தாகமும், வெயிலும் இன்றைய பயணிகளை விட்டுப் போகவில்லை.

மூளையில் எழும் அலை

பண்டைய மருத்துவர் கேலன், 'அரைத் தலை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இந்நோயைக் குறித்தார். அச்சொல்லே சிதைந்து மைகிரேன் ஆயிற்று. நம்மவரும் ஒற்றைத் தலையிடி என்றே பெயரிட்டனர். எனினும் அது எப்போதும் ஒரு பக்கத்தில்தான் வரும் என்பதில்லை. விண் விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், ஒளியையும் ஓசையையும் தாங்க இயலாமை, நடந்தால் மிகுதல் என்பன இதன் குறிகள்.

சிலருக்கு வலிக்கு முன்னதாகக் கண்ணெதிரே ஒரு காட்சி தோன்றும். பார்வையின் நடுவே சிறு புள்ளியாய்த் தொடங்கி, கோட்டை மதிலின் கொத்தளம்போலக் கோணல்மாணலாக ஒளிர்ந்து, மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகரும். மருத்துவர் இதனை 'ஓரா' என்பர். கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க அறிஞர் தமது கண்ணிற் கண்ட இக்காட்சியையே வரைந்து கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோவொன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்தில் நகர்கின்றது என்று 1941 இல் எழுதினார். மூன்றாண்டு கழித்து, பிறேசில் நாட்டவரான லேயோ, முயலின் மூளையில் அதையொத்த வேகத்தில் ஊரும் மின்னடக்க அலையொன்றைக் கண்டு வெளியிட்டார். தன் நோயையே ஆய்கூடமாக்கிக் கொண்ட அறிஞரை எண்ணும்போது எமக்கும் ஓர் ஆறுதல் பிறக்கின்றது.

இரத்தக் குழாய்கள் விரிவதே இவ்வலிக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் முந்நரம்பும், அது வெளியிடும் சீ.ஜீ.ஆர்.பீ. என்னும் பொருளுமே முதன்மையானவை என்பது பின்னர் புலனாயிற்று. இவ்வழியைத் திறந்த நால்வருக்கு 2021 இல் டென்மார்க்கின் மூளைப் பரிசு வழங்கப்பட்டது.

மருத்துவர் கூறுவதன் சாரம் இதுதான்: இந்நோயுடையாரின் மூளை மாற்றத்தை விரும்பாத மூளை. நித்திரை குறைந்தாலும் முறையிடும், கூடினாலும் முறையிடும். உணவு தவறினும், வழக்கமான தேநீர் தவறினும் அதற்குப் பொறுக்காது. பயணமோ மாற்றத்தின் மறுபெயர். ஆகவே, இடத்தை மாற்றிக்கொண்டு ஒழுங்கை மாற்றாதிருப்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய உபாயம்.

ஒழுங்கை மூட்டை கட்டுதல்

பூங்காவின் வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கின்றது. ஒன்பது பத்து மணிக்குள் மூடுபனி மலைமுகட்டை மூடிவிடும் ஆதலின், யாவரும் விடியுமுன் புறப்படுவர். கொழும்பிலிருந்து இரவிரவாக வந்து அப்படியே மலையேறுவோரும் உளர். எம்மைப் போன்றார்க்கு அது ஆகாது. நாம் இரண்டு நாள் முன்னதாகவே நுவரெலியாவை அடைந்தோம். முதல் நாள் நீண்ட பயணத்தின் களைப்பை ஆற்றினோம். மறுநாள் இரவு எட்டு மணிக்கே விளக்கணைத்துப் படுத்தோம். எட்டு மணிக்குப் படுத்தவருக்கு நான்கு மணி அகாலமன்று.

வழமையான அளவில் ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு வாழைப்பழம், ரொட்டி என்பன புறப்படுமுன்னரே உள்ளே சென்றன. வானின் முன்னாசனத்தில் அமர்ந்தோம்; வளைவுகளிற் குமட்டல் குறையும். நிழலும் வெயிலும் மாறி மாறிக் கண்ணில் அடிக்கும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டோம். பூங்கா வாயிலில் பொலித்தீன் உறைகளை உள்ளே கொண்டுசெல்ல விடார் என்பது தெரிந்ததே. ஆதலின் பிஸ்கற்றும் கடலையும் எவர்சில்வர் டப்பாவில் இருந்தன. அகன்ற விளிம்புள்ள தொப்பி, கருங்கண்ணாடி, நிறைந்த தண்ணீர்ப் போத்தல், மருத்துவர் எழுதிக்கொடுத்த குளிகை, அவ்வளவே எமது ஆயுதங்கள்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். உயரத்தினால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தொல்லை தரும். ஹோட்டன் சமவெளி அதனிலும் தாழ்ந்தது. ஆயினும் குளிரிலே தாகம் தெரியாது. வியர்வை கண்ணுக்குத் தெரியாமலே காற்றில் உலர்ந்துவிடும். எனவே தாகத்தைப் பாராது, நேரத்தைப் பார்த்துத் தண்ணீர் அருந்துதல் நன்று.

மலைமேல்

நாம் சென்ற அன்று புல்நுனிகளில் வெண்பனி படிந்திருந்தது. பாதையோரத்தில் கிளைத்த கொம்புகளோடு ஆண் மரையொன்று, எம்மைக் கண்டும் காணாததுபோல் மேய்ந்துகொண்டிருந்தது. பேக்கரின் நாய்களுக்கு அஞ்சி ஓடிய இனத்தின் வழித்தோன்றல் மனிதனுக்கு அஞ்சாது நிற்பதைக் கண்டபோது, சட்டத்துக்கும் ஒரு கருணை உண்டென்று தோன்றிற்று.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். எம்முடன் பணிபுரியும் கணித ஆசிரியரும், வான் சாரதியான மலையக இளைஞரும் உடன் நடந்தனர். சிறிய உலக முடிவை நல்ல வெளிச்சத்திற் கண்டோம். அங்கிருந்து முகிற்காட்டினுள் நடக்கையில், ஒரு மரத்தின் அடியைப் பார்த்தோம். அதன் பாதி தெரியவில்லை. பாசிக்கு நடுவே சிறு ஒளிப்புள்ளி துடித்தது. விருந்தாளி வந்துவிட்டார்! ஒழுங்கு அவரது வருகையைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது.

உடனே ஒரு வேரின்மீது அமர்ந்தோம். காட்சி தேய்ந்து வலியின் முதற் தெறிப்புத் தெரிந்தவுடன் குளிகையை விழுங்கி, தண்ணீர் அருந்தி, இரண்டு பிஸ்கற்று உண்டு, தொப்பியை இழுத்து முகத்தை மூடினோம். குளிகை தொடக்கத்திலேயே விழுங்கப்பட வேண்டும். வலி முற்றிய பின் வயிறு எதையும் ஏற்காது. நண்பரை முன்னே செல்லுமாறு வற்புறுத்தி அனுப்பினோம். சாரதி மட்டும் போக மறுத்து அருகில் அமர்ந்துகொண்டார்.

"அவசரமே இல்லீங்க சேர். மலை எங்க போயிறப் போவுது?" என்றார் அவர்.

அவ்வளவு இதமான மருத்துவ வாசகத்தை நாம் வேறெங்கும் கேட்டதில்லை.

முக்கால் மணிநேரம் அசையாதிருந்தோம். அசையாதிருப்பவரைக் காடு மறந்துவிடும் போலும். இலங்கையின் மலைநாட்டுக்கே உரிய மஞ்சட்செவிக் கொண்டைக்குருவிகள் இரண்டு, கைக்கெட்டும் கிளையில் வந்தமர்ந்து பழம் கொத்தின. வலி மந்தமாகி ஒரு மூலையில் ஒதுங்கிற்று. மெல்ல எழுந்து உலக முடிவை அடைந்தபோது, 850 மீற்றருக்கு மேல் ஆழமுள்ள அச்செங்குத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனியால் நிரம்பியிருந்தது. தேயிலைத் தோட்டங்களையும், ஊர்களையும், தொலைவில் மின்னிய நீர்நிலையையும் தாம் கண்டதாக நண்பர் விவரித்தார். எமக்குக் கிடைத்தது காலடியிலிருந்து வானம்வரை ஒரே வெண்மை. ஏமாற்றம் இல்லை என்றால் பொய்யாகும். பேக்கர் அருவிக்கு இறங்கும் செங்குத்துப் படிகளையும் விடுத்து, அகன்ற பாதையால் திரும்பினோம். வலி உள்ளபோது ஏறியிறங்குதல் வலியை வளர்க்கும்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

பயணத்துக்கு முன் இரண்டு மூன்று மாதமாவது ஒரு குறிப்பேட்டில் வலி வந்த நாள், நித்திரை, உணவு ஆகியவற்றை எழுதி வருக. வெயிலையும் சொக்கிலேற்றையும் குற்றஞ் சாட்டுமுன் ஆராய்க. சில வேளைகளில் ஒளி கூசுவதும், இனிப்பை நாடுவதும், கொட்டாவி விடுவதும் வலிக்குக் காரணமல்ல, வலி புறப்பட்டுவிட்டது என்பதற்கு அறிகுறிகளே.

மருந்தை மருத்துவரிடமே கேட்டறிக. டிரிப்டான் வகைக் குளிகைகள் இருதய நோயாளருக்கு ஆகா. வலி வராது தடுக்கத் தரப்படும் புறப்பிரனலோல் ஆஸ்துமா உடையார்க்கு ஆகாது. அதனை உட்கொள்வோர் ஏற்றங்களில் விரைவிற் களைப்பர். சாதாரண வலிக்குளிகையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானை 10 நாளோ அதற்கு மேலோ விழுங்கி வந்தால், மருந்தே தலையிடியை வளர்த்துவிடும். திடீரென்று இடிவிழுந்தாற்போல் வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், பேச்சுக் குழறல், கைகால் சோர்தல் ஆகியன தோன்றினால் அது வழக்கமான விருந்தாளி அன்று. தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

உடன் வருவோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதும் அவசியம். "இடையில் நான் அமர்ந்தால் நீங்கள் நடவுங்கள், இன்ன இடத்திற் சந்திப்போம்" என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், நோயாளிக்கும் கூச்சமில்லை, மற்றவர்க்கும் மனக்குறையில்லை. எமது நண்பர் எமக்காகக் காத்திருந்து தாமும் காட்சியை இழந்திருப்பாராயின், அந்நினைவு வலியிலும் பெரிய வலியாயிருந்திருக்கும்.

வாசலில் நின்று வழியனுப்பும் தாய்மாரே! குறித்த இடத்தை அடைந்தே தீரவேண்டும் என்னும் பிடிவாதத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு, மறுமுறை நீங்களும் வானில் ஏறுங்கள். பாதி வழியிலும் காடு காடுதான்.