கரையில் ஒரு பகல்

கப்பற் சுற்றுலா செல்பவர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. உணவும் உறக்கமும் பொழுதுபோக்கும் குறித்த வேளையில் அவரைத் தேடி வருகின்றன. ஆயினும் கப்பல் ஒரு துறையில் நின்று பாலம் இறக்கப்பட்டவுடன், தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு மீண்டும் அவர் தலைமேல் ஏறிவிடுகிறது. கையில் இருப்பவை எட்டு அல்லது ஒன்பது மணி நேரம். கப்பலில் விற்கப்படும் சுற்றுலாக் குழுவில் சேர்வதா, அல்லது வரைபடத்தைக் கையில் பிடித்து நாமே ஊருக்குள் நடப்பதா?

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரம் பயணம் செய்தபோது, இக்கேள்விக்கு விடை காண வேண்டிய கட்டாயம் எனக்கிருந்தது. உடன் வந்தவர் என் தமக்கையார். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற செவிலியர். அவர்தம் விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டு வருகிறது. நேரே நோக்கினால் எதிரிலிருப்பவர் முகம் புகைபடிந்து தெரியும். பார்வையின் ஓரங்கள் மட்டும் இன்னும் தெளிவாயுள்ளன. நடுப்பார்வை சிறிது சிறிதாகக் குறையும் என்று மருத்துவர் சொன்னபோது, "அதற்குள் ஒரு பனியாற்றைப் பார்த்துவிட வேண்டும்" என்றார். சியாட்டில் நகரில் வாழும் என் மகள் எங்கள் இருவருக்கும் பயணச்சீட்டு வாங்கித் தந்தாள்.

குழுச் சுற்றுலாவை நான் குறைகூற மாட்டேன். அதில் செல்வோர் தாமதமாகத் திரும்பினால் கப்பல் காத்திருக்கும். அல்லது அவர்களை அடுத்த துறையில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்யப்படும். தனியே செல்வோருக்கு அந்தக் காப்பு இல்லை. எனினும் குழு வழிகாட்டியின் வேகத்தில் நடக்க வேண்டும். என் தமக்கையாரோ ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நின்று, காலால் தடவிப் பார்த்து இறங்குபவர். நாற்பது பேர் காத்திருக்க, மன்னிப்புக் கேட்டபடியே அவர் நடக்க நேர்வதை நான் விரும்பவில்லை.

ஆகவே சியாட்டிலில் மகளின் உணவு மேசையில் அமர்ந்து, துறைக்கு ஒன்றாக மூன்று தாள்களில் திட்டம் வரைந்தேன். முதலில் எழுதியது நேரம். புறப்படுவதற்கு ஏறத்தாழ அரைமணி முன்பே அனைவரும் கப்பலில் இருத்தல் வேண்டும். நான் அதற்கும் ஒன்றரை மணி முன்னதாக எங்கள் எல்லையை வகுத்தேன். அலாஸ்காவின் கடிகாரம் சியாட்டிலுக்கு ஒரு மணி பின்தங்கியது. கைப்பேசி தன் விருப்பம்போல் நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால், கப்பலின் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரத்தையே நம்பினேன். அடுத்து ஆவணங்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறையில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதாயின், இடையில் வேற்று நாட்டுத் துறை ஒன்றைத் தொட வேண்டும் என்பது 1886-ஆம் ஆண்டிலிருந்து வரும் சட்டம். எனவே எங்கள் கப்பல் கனடாவின் விக்டோரியாவிலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர்க்குக் கனடிய விசாவும், பலமுறை நுழைய இசைவு தரும் அமெரிக்க விசாவும் தேவை.

மூன்றாவதாக நான் எழுதிய விதியே ஏனைய அனைத்தையும் ஆண்டது: ஒரு நாளைக்கு ஒன்று. ஓர் ஊரில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பது, பிற கிடைத்தால் மகிழ்வது, கிடைக்காவிடில் வருந்தாதிருப்பது.

முதல் துறை கெச்சிகன். ஆண்டுக்கு மூன்றரை மீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஊர். சென்னையின் மழையைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். ஆகவே மழையங்கியே திட்டத்தின் முதல் வரி. இலவச நகர்ப் பேருந்தில் ஏறி, குலமரபுத் தூண்கள் காக்கப்படும் காட்சியகத்தை அடைந்தோம். கைவிடப்பட்ட பழங்குடி ஊர்களிலிருந்து மீட்கப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தூண்கள் அங்கே வண்ணம் மங்கி நிற்கின்றன. அவை வழிபாட்டுச் சிலைகள் அல்ல. டிலிங்கிட், ஹைடா மக்கள் தம் குலவரலாற்றையும் முன்னோர் நினைவையும் காக்கையாகவும் கழுகாகவும் மரத்தில் செதுக்கிய ஏடுகள். தமக்கையார் ஒரே தூணின் முன் நெடுநேரம் நின்றார். எவரும் எங்களை விரைவுபடுத்தவில்லை.

இரண்டாவது துறையான ஜூனோவில்தான் எங்கள் விதிக்குச் சோதனை வந்தது. மாநிலத் தலைநகரமாயினும் வெளியூர்ச் சாலை எதுவும் அதனுள் வருவதில்லை. கடலாலும் வானாலுமே அடையலாம். ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் மெண்டன்ஹால் பனியாறு. அதையும் கடந்து வடக்கே, ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், அலாஸ்காவின் பாதுகாவலியான குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருத்தலம். சிறு தீவொன்றில், கல்லாலான ஆலயம். கரையிலிருந்து அதற்கு நடைபாதை உண்டு. நகர்ப் பேருந்து அங்கே செல்வதில்லை. எங்களுக்கிருந்த நேரத்தில் வாடகை மகிழுந்து அமர்த்தி இரண்டையும் ஓடிப் பார்க்கலாம்; நின்று பார்ப்பதாயின் ஒன்றைத்தான் பார்க்க இயலும்.

என் தமக்கையார் இளமைமுதல் சிறுமலர்மீது பற்றுக் கொண்டவர். அவர் திருத்தலத்தையே கேட்பார் என எண்ணித் தாளை அவரிடம் நீட்டினேன். "தம்பி, சிறுமலர் நம் ஊர்க் கோயிலிலும் இருக்கிறாள். பனியாறு அங்கு மட்டும்தானே இருக்கிறது?" என்றார்.

துறைமுகத்தருகே புறப்படும் பேருந்தில் ஏறுமுன், திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். வழியில் ஓட்டுநர் தம் ஊரின் துயரத்தைச் சொன்னார். பனியாற்றின் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தேங்கும் உருகுநீர், பனியின் அடியில் வழி கண்டு திடீரெனப் பாயும். 2023 ஆகஸ்டில் அவ்வாறு வந்த வெள்ளம் ஆற்றங்கரையை அரித்து வீட்டையே இழுத்துச் சென்றது. காண வருவோர்க்குக் காட்சியாயிருப்பது, குடியிருப்போர்க்கு அச்சமாயிருக்கிறது. எங்கள் பயணத்துக்குச் சில வாரங்களின் பின், 2024 ஆகஸ்டிலும் வெள்ளம் பல நூறு வீடுகளில் புகுந்தது என அறிந்து கலங்கினோம். 2025-இல் அதனினும் உயரமாக நீர் வந்தபோது, புதிதாக எழுப்பிய தற்காலிகத் தடுப்பரண் பெரும்பாலான வீடுகளைக் காத்தது.

பார்வையாளர் மையம் 1962-இல் திறக்கப்பட்டபோது பனியாறு அதற்கு மிக அருகில் இருந்தது. இன்று இடையில் அகன்ற ஏரி கிடக்கிறது. உடன் வந்தோர் பலர் அருவியின் அடிவரை செல்லும் நெடிய பாதையில் விரைந்தனர். நாங்கள் சமனான குறும்பாதை ஒன்றில் மெல்ல நடந்து ஏரிக்கரையை அடைந்தோம்.

தமக்கையார் நேரே நோக்கினார். "ஒன்றும் இல்லையே, தம்பி" என்றார். எனக்கு நெஞ்சு கனத்தது. பிறகு அவர் தலையைச் சற்றே இடப்புறம் திருப்பினார், பின் வலப்புறம். பார்வையின் ஓரத்தால் அந்த வெண்பரப்பைத் துழாவினார். சில நிமிடங்கள் கழிந்தன. "நீலமாக இருக்கிறதே! யாரும் எனக்கு நீலம் என்று சொல்லவில்லையே!" என்றார்.

நெடுங்காலம் அழுத்தப்பட்ட பனியில் காற்றுக்குமிழிகள் அருகிவிடுகின்றன. அப்பனி செந்நிற ஒளியை உறிஞ்சி நீலத்தை வெளிவிடுகிறது. இதை அவருக்கு விளக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். அருவியின் ஓசை ஏரியின்மேல் தவழ்ந்து வந்தது. நாற்பது நிமிடம் அங்கேயே அமர்ந்திருந்தோம். இரு பேருந்துகள் போயின; மூன்றாவதில் ஏறினோம். ஊர் திரும்பியபின்னும் நேரம் எஞ்சியிருந்ததால், மேட்டுத்தெருவில் படிப்படியாக ஏறி, தேவதாயின் பிறப்புப் பேராலயத்தில் சற்று நேரம் செபித்தோம். அந்த ஓட்டுநரின் ஊருக்காக வேண்டிக்கொண்டதாகத் தமக்கையார் பின்னர்ச் சொன்னார்.

மூன்றாவது துறை ஸ்காக்வே. 1898-இல் பொன் தேடிச் சென்றோர் கூட்டம் கூட்டமாக இங்கே இறங்கினர். மலைக்கணவாயில் நின்ற கனடியக் காவலர், ஓராண்டுக்குரிய உணவும் பொருளும் இல்லாதோரை உள்ளே விடவில்லை. ஏறத்தாழ ஒரு டன் எடை. பலமுறை ஏறி இறங்கிச் சுமந்தனர். எங்கள் பையில் மருந்து, தண்ணீர், ரொட்டி, கடவுச்சீட்டின் படி, கப்பலின் துறைமுக முகவர் தொலைபேசி எண் ஆகியவை மட்டுமே இருந்தன. மலை ஏறும் இரயிலை விட்டுவிட்டு, மரப்பலகை நடைபாதைகளில் உலாவித் திரும்பினோம். தமக்கையார் அதையும் குறையாகக் கருதவில்லை.

இத்தகைய பயணம் மேற்கொள்ள எண்ணும் அன்பர்கட்கு ஒன்று சொல்வேன். கரைநாளைத் திட்டமிடும்போது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். உங்களுள் மெதுவாக நடப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும், எங்கே அமரலாம், கழிப்பிடம் எங்குள்ளது என்று எழுதுங்கள். எஞ்சியிருப்பதே அந்நாளின் சுற்றுலா. ஊர்ப் பேருந்தில் ஏறினால், அது வேலைக்குச் செல்லும் ஊராருக்குரியது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

இப்போது தமக்கையாரின் நடுப்பார்வை முற்றிலும் குன்றிவிட்டது. கண் மருத்துவமனைக்குச் செல்லும் நாள்களில் அவ்வழியே வங்கிக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வரலாமே என்று நான் தொடங்கினால், "ஒரு நாளைக்கு ஒன்று, தம்பி" என்கிறார். நானும் மற்றவற்றை அடித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன்.