ஒரே பஞ்சம், இரண்டு விண்ணப்பம்

பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் உடனே கேட்பது, "எதுல?" என்றுதான். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொருளாதாரத் துறைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன், வரலாற்றுத் துறைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நூறு டாலரை ஒட்டிய கட்டணம், எல்லாம் அப்பாவின் கார்டிலிருந்து. "ஒரே படிப்புக்கு எதுக்கும்மா ரெண்டு இடத்துல பணம் கட்டுறே?" என்றார். ஒரே படிப்பில்லை என்று மறுக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. நான் படிக்க விரும்பியது ஒரே விஷயத்தைத்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அது.

எம்.ஏ. ஆய்வேட்டுக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது சேலம் மாவட்டக் கணக்கு. 1871 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881 கணக்கில் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் காணோம். அந்த இடைவெளியில் பிறந்திருக்க வேண்டியவர்களை இதில் சேர்க்கவே இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பொருளாதாரம் படித்தவரிடம் கொடுத்தால், கை உடனே பக்கத்து மாவட்டங்களைத் தேடும். மழை எங்கே எவ்வளவு குறைந்தது, அரிசியும் கேழ்வரகும் எந்த ஊரில் என்ன விலை விற்றன, ரயில் எந்த வருஷம் வந்தது? ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ஓடத் தொடங்கிய ரயில், பஞ்சம் வந்தபோது சேலத்தையும் தாண்டி மேற்குக் கடற்கரை வரை போய்க்கொண்டிருந்தது. தானியத்தைக் கொண்டுவந்தது ரயிலா, கொண்டுபோனது ரயிலா என்பது அன்றைய பத்திரிகைகளிலேயே அடிபட்ட சண்டை. பொருளாதார ஆய்வாளர் டேவ் டொனால்ட்சன் பிரிட்டிஷ் இந்தியாவின் ரயில் பாதைகளைப் பற்றி எழுதி, 2018-இல் அமெரிக்கப் பொருளாதார இதழில் வந்த கட்டுரை, மாவட்டம் மாவட்டமாக விலைகளை அடுக்கி இந்த மாதிரிக் கேள்விகளை அளந்து பார்க்கிறது. அதன் வேலைப்பாட்டைப் பார்த்து நான் அசந்துபோனது உண்மை.

அதே எண்களை வரலாறு படித்தவரிடம் கொடுத்தால், "எண்ணியது யார்?" என்று ஆரம்பிப்பார். 1871-இல் வீடு வீடாகப் போனது யார், கிராமக் கணக்குப்பிள்ளை எதை எழுதினார், எதை விட்டார்? பஞ்சத்தின் நடுவில் சாவுப் பதிவு எந்த லட்சணத்தில் நடந்தது? பதிவு செய்ய வேண்டியவரே பட்டினி கிடந்த ஊர்களில் எத்தனை சாவு ஏட்டில் ஏறியிருக்கும்? அப்புறம் கூலி விவகாரம். 1877 தொடக்கத்தில், பஞ்சத்தைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட வராது. அதை வைத்துக்கொண்டு அவன் நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. பொருளாதாரம் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, அளவிட நல்ல வாய்ப்பு என்று மகிழும். வரலாறு அந்த இரண்டு அதிகாரிகளின் வாதத்துக்குள்ளேயே குடியேறிவிடும். வரலாற்றாளர் டேவிட் அர்னால்ட் 1984-இல் சபால்டர்ன் ஸ்டடீஸ் என்ற கட்டுரைத் தொகுப்பு வரிசையின் மூன்றாம் தொகுதியில் இதே சென்னைப் பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது, அதிகாரிகளையும் தாண்டி, பஞ்சத்தைக் குடியானவர்கள் என்னவாகப் புரிந்துகொண்டார்கள், என்ன செய்தார்கள் என்று போனார்.

விண்ணப்பத்தோடு வைக்கும் எஸ்ஓபி என்ற நோக்க அறிக்கையை எழுத உட்கார்ந்தபோதுதான் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. காணாமல் போன அந்த மூன்றரை லட்சத்தில் எல்லோரும் செத்தவர்கள் இல்லை. ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. பஞ்ச வருஷங்களில் தமிழ்நாட்டுக் கூலிகள் கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பொருளாதாரத் துறைக்கு எழுதிய பக்கத்தில் அவர்கள் அடிக்குறிப்பில் போய் உட்கார்ந்தார்கள். மரணக் கணக்கைக் கலக்கிவிடும் அளவீட்டுச் சிக்கல், இன்ன முறையில் சரிசெய்யலாம் என்று இரண்டு வரி. வரலாற்றுத் துறைக்கு எழுதியதில் அவர்கள்தான் முழு இரண்டாவது பத்தி. அங்கே அடிக்குறிப்புக்குப் போனது மழை அளவு. இரண்டு எஸ்ஓபியிலும் பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. கல்யாணத் தரகர் ஒரே ஜாதகத்தை இரண்டு வீட்டில் விரிப்பதைப் போலத்தான். ஓரிடத்தில் பெண்ணின் படிப்பை முதலில் சொல்வார், இன்னோரிடத்தில் சமையலை.

இது எழுத்தோடு நின்றதா என்றால் இல்லை. பொருளாதாரத் துறைகள் பார்ப்பது முக்கியமாகக் கணக்கு. ஜி.ஆர்.இ. கணக்குப் பகுதியில் 170-க்கு எவ்வளவு கிட்டே, ரியல் அனாலிசிஸ் படித்தாயா, என்ன கிரேடு? எஸ்ஓபியைப் படிக்கிறார்களா என்பதே சந்தேகம் என்று அங்கே படித்த சீனியர்கள் சொல்வார்கள். வரலாற்றுத் துறைகளில் ஜி.ஆர்.இ. பெரும்பாலும் போய்விட்டது. இருபது இருபத்தைந்து பக்கத்துக்கு எழுத்து மாதிரி கேட்பார்கள். எந்தப் பேராசிரியரிடம் வேலை செய்யப்போகிறாய் என்று பெயர் சொல்ல வேண்டும், அவருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட வேண்டும். ஆய்வுக்கு என்னென்ன மொழி தெரியும் என்று ஒரு கட்டம் வரும். அதில் 'தமிழ்' என்று எழுதி, வாசிப்பில் தேர்ச்சி என்று டிக் அடித்தபோது கொஞ்சம் சிரிப்பாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு துறையில் எனக்குத் தமிழ் தெரியும் என்பது தகுதி. மற்றதில் யாரும் கேட்கவே இல்லை.

பரிந்துரைக் கடிதம்தான் தர்மசங்கடம். மூன்று பேர் எழுத வேண்டும். என்னுடைய பொருளாதாரப் பேராசிரியர் விவரம் கேட்டுவிட்டு, "என்னம்மா, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா?" என்றார். நான் எல்லோரும் எடுத்து வீசும் உதாரணத்தை எடுத்து வீசினேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கினார். வாங்கிய கையோடு சான் டியாகோவில் உயிரியல் துறையில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-இல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு. சார் அசரவில்லை. "அவர் ஒண்ணை முடிச்சிட்டு இன்னொண்ணுக்குப் போனார். நீ ரெண்டையும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார். நியாயமான பேச்சு. ஆனாலும் இரண்டு துறைக்கும் இரண்டு விதமாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டு துறைக்குப் போடுவதை யாரிடமும் மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. மறைத்தால் கடிதம் எழுதுபவர் ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்புவார், 'தேர்ந்த பொருளாதார மாணவி' என்ற வாக்கியம் வரலாற்றுக் குழுவின் மேசையில் போய் விழும்.

சில இடங்களில் இந்தச் சிக்கலே எழாது. பெர்க்லி மாதிரிப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்கு ஒரே துறைக்குத்தான் விண்ணப்பிக்கலாம். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, எங்கே எதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று கவனித்தேன். ஒவ்வொரு முறையும் கை வரலாற்றுப் பக்கமே போனது. 'இரண்டும் எனக்குச் சமம்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அவ்வளவு சமம் இல்லை போலிருக்கிறது.

முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வந்தன. பொருளாதாரத்தில் வரிசையாக மறுப்பு, ஒன்றே ஒன்று சரி. வரலாற்றில் இரண்டு சரி. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டபடி, உதவித்தொகையோடு இடம் தந்தால் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. கடைசியில் வரலாற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். பொருளாதார பிஎச்.டி.யில் முதல் வருஷம் முழுக்க மைக்ரோ, மேக்ரோ, எக்கனாமெட்ரிக்ஸ் பாடங்கள், அதன் முடிவில் தகுதித் தேர்வு. பஞ்சத்தின் முகத்தைப் பார்க்க எப்படியும் இரண்டு வருஷம் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. வேலைவாய்ப்பு என்று பார்த்தால் இது புத்திசாலித்தனமான முடிவில்லை. வரலாற்றில் பிஎச்.டி. முடித்தவர்களுக்கு வேலை அரிது. பொருளாதாரக்காரர்களுக்கு வங்கி, அரசு, தனியார் என்று எல்லாக் கதவும் திறந்திருக்கும். அப்பா இதை இன்றும் அவ்வப்போது நினைவூட்டுவார்.

இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இரண்டு துறைக்குப் போடலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம், இரண்டு துறைக்கும் ஒவ்வொரு பக்கம் எழுதிக்கொண்டு வா என்பேன். போன பருவத்தில் ஒரு பெண் சமூகவியலுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் ஒன்றேதான், துறையின் பெயர் மட்டும் மாறியிருந்தது. ஒன்றை விட்டுவிடு, பணமாவது மிஞ்சும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய், இரண்டுக்கும் அதே பக்கத்தை அனுப்பிவிட்டாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மேடம், இப்ப எதை விடட்டும்?" என்று கேட்டாள்.