ஒரே ஒரு சான்ஸ்!

வண்டியை பார்க் பண்ணவே நாம் நாலு தடவை முன்னே பின்னே போவோம், இல்லையா? பிரிட்டிஷ் ராணுவத்தின் ஜிம் வால்வொர்க்குக்குக் கிடைத்தது ஒரே சான்ஸ்.

1944 ஜூன் 6. நள்ளிரவு தாண்டி 16 நிமிஷம். பிரான்ஸில் ஒரு கால்வாய்ப் பாலத்தை ஜெர்மானியரிடமிருந்து பிடிக்க வேண்டும். அவர் ஓட்டியது ஹோர்ஸா கிளைடர். மர விமானம், எஞ்சினே கிடையாது. இழுத்து வந்த விமானத்தின் கயிறு கழன்றால் இறங்கியே தீரணும். பின்னால் சுமார் முப்பது உயிர்கள். இருட்டில் துணை, திசைகாட்டியும் ஸ்டாப் வாட்ச்சும்தான்.

பாலத்துக்கு ஐம்பது மீட்டருக்குள் இறக்கிவிட்டார்! மோதிய வேகத்தில் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார். நெற்றியில் ரத்தம். எழுந்தவர் என்ன செய்தார் தெரியுமா? பாலத்தில் சண்டை போட்டவர்களுக்குத் தோட்டாக்களைச் சுமந்தார்.

கிளைடர் பைலட்டுகளுக்குப் பயிற்சியே அப்படித்தான். இறங்கியதும் நீயும் சிப்பாய்!