டாக்டர் காரும் லயத்து ஆட்டோவும்

பதுளையில் பழைய வாகனம் வாங்கி விற்கிறவர்களிடம் விலைப் பட்டியலுக்கு முன்பே இன்னொரு பட்டியல் உண்டு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை, வாய்வழியாகவே வருகிறது. டாக்டர் ஓட்டிய கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டீச்சர் கார் பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் தவிர வேறு ஊர் பார்த்திருக்காது. தோட்டத் துரை ஜீப்புக்கு சர்விஸ் தவறியிருக்காது, ஆனால் அடிப்பாகம் அடிவாங்கியிருக்கும். வெலிமடை மரக்கறி லொறிக்கு எஞ்சின் நன்றாக இருக்கும், பிரேக் தேய்ந்திருக்கும். தோட்டத்து லயத்துப் பையன் கொண்டுவரும் ஆட்டோவா? கேட்கிற விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கு.

கார் சேலில் வேலைக்குச் சேருகிற பையன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். எஞ்சினைத் திறந்து பார்க்கப் பழகுவதற்கு முன்பே, வாசலில் வந்து நிற்கும் ஆளின் செருப்பையும் சட்டையையும் பார்த்து விலை போடப் பழகிவிடுகிறான். இக்கட்டுரையாளர் இந்தத் தொழிலுக்குள் இருந்துகொண்டே இதை எழுதுகிறார். அந்தப் பட்டியலில் எது நிற்கும், எது நிற்காது என்பதை மலைப் பாதைகள் தெளிவாகவே காட்டித் தருகின்றன.

இப்படியொரு பட்டியல் பிறந்ததில் வியப்பில்லை. பழைய வாகனத்தின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடைவெளியைப் பற்றியதுதான். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்ச் சந்தை. பின்னர் 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உண்மை நிலை தெரியாதபோது வாங்குகிறவர் ஏதாவதோர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறார். பதுளையில் அந்த அடையாளம் உரிமையாளரின் தொழில். பத்திரிகை விளம்பரங்களில் ‘டாக்டர் பாவித்தது’, ‘பெண் ஓட்டியது’, ‘முதல் உரிமையாளர்’ என்று போடுவதும் அதனால்தான்.

முதலில் டாக்டர் காரை எடுத்துக்கொள்வோம். பதுளை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற வைத்தியர்களில் பலருக்குக் குடும்பம் கண்டியிலோ கொழும்பிலோ இருக்கிறது. கிடைக்கிற விடுமுறைக்கெல்லாம் மலையிறங்கி, திரும்ப ஏறிவருகிற கார் அது. இரவுக் கடமை முடிந்த களைப்போடு பெரகலை வளைவுகளில் இறங்கிய காரும் டாக்டர் கார்தான். எண்ணெய் மாற்றிய பில்கள் எல்லாம் கவனமாகக் கோவையில் இருக்கும். ஓடிய தூரமும் அதே கோவையில்தான் இருக்கிறது. விலை பேசும்போது முதலாவதைக் காட்டுவார்கள், இரண்டாவதைச் சொல்லமாட்டார்கள்.

டீச்சர் கார் இதைவிடத் தெளிவான உதாரணம். பதுளை நகரத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறவரின் மாருதி உண்மையிலேயே குறைவாகத்தான் ஓடியிருக்கும். பசறை கடந்து மடுல்சீமைப் பக்கம் தோட்டப் பாடசாலைக்குப் போகிற ஆசிரியையின் மாருதிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தார் வீதி ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்பால் கொழுந்து லொறி ஓடி ஓடிக் குழியான கல்பாதை. மீட்டரில் கிலோமீற்றர் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றரும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஓடியது. கிளச்சும், ஷொக் அப்சோபரும், சில்லுகளைப் பிடித்திருக்கும் ரப்பர்களும் அதைச் சொல்லும். இரண்டு டீச்சர் கார்கள், ஒரே மாடல், ஒரே ஆண்டு. வேறுபாடு முழுவதும் பாதையில் இருக்கிறது.

ஊவாவின் நில அமைப்பே இதற்குக் காரணம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் கிண்ணம் போலக் கிடக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே. ஹப்புத்தளை 1,400ஐத் தாண்டியது. அங்கிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால் 200 மீற்றர் அளவுக்கு வந்துவிடுகிறது. ஒரே நாளில் போய்த் திரும்புகிற வண்டி ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கி, அவ்வளவையும் மறுபடி ஏறியாக வேண்டும். ஏற்றத்தில் கிளச் தேய்கிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது. இறக்கத்தில் பிரேக் சூடேறுகிறது.

ஆகவே மலைவண்டியைப் பார்க்கிறவர் பார்க்க வேண்டியது இதைத்தான். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் எடுக்க வேண்டும். பெடல் மேலே வந்து முடிகிற இடத்தில்தான் வண்டி நகருகிறது என்றால் கிளச் தட்டு தேய்ந்துவிட்டது. எரிந்த மணம் வந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து இறக்கம். இரண்டாம் கியரில் விட்டு, எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கியர் தானாக நழுவினால், பல காலம் எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து இறக்கிய வண்டியாக இருக்கலாம். அப்படி ஓட்டியவர் மலைப்பாதை தெரிந்த சாரதி என்று பாராட்டலாம், ஆனால் கியர்பெட்டிச் செலவைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சில்லைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் டிரம்மில் நீலம் பாய்ந்திருக்கும், அது சூட்டின் தடம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்டின் நிறம் தெரிய வேண்டும். செம்மண் நிறத் தண்ணீர் இருந்தால், வழியில் பீலியில் பிடித்து ஊற்றிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

கொழும்பிலிருந்து வருகிற வியாபாரிகள் ‘மலைநாட்டு வண்டி’ என்றதும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அந்த எண்ணமும் பாதிதான் சரி. கிளச், பிரேக் விடயத்தில் அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று மட்கார்டின் உட்பக்கத்தையும் சட்டகத்தையும் அரிப்பது போல இங்கே அரிப்பதில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த வேனையும் பண்டாரவளையிலேயே கிடந்த வேனையும் ஒரே நாளில் தூக்கிப் பார்த்தவருக்கு இது தெரியும். ஏ.சி. விடயம் இன்னும் சுவையானது. ஹப்புத்தளைக் குளிரில் அதை யாரும் போடுவதில்லை. போடாத ஏ.சி. புத்தம் புதிதாக இருக்கும் என்று வாங்குகிறவர் நினைக்கிறார். நெடுநாள் ஓடாததால் கொம்பிரஸரின் உள் ரப்பர்கள் காய்ந்து காஸ் கசிந்திருப்பதுதான் அடிக்கடி காண்கிற நிலை.

‘முதல் உரிமையாளர்’ என்கிற பேச்சைக் கேட்டால் இன்னும் நிதானிக்க வேண்டும். இலங்கையில் ‘ஓபன் பேப்பர்’ வழக்கம் ஊறிப்போனது. விற்கிறவர் மாற்றல் தாள்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகாமல் அதே தாள்களோடு அடுத்தவருக்கு விற்பார். பதிவுப் புத்தகத்தில் கொழும்பு வைத்தியர் ஒருவரின் பெயர் இருக்கும். இலக்கத்தகட்டில் மேல் மாகாண எழுத்து இருக்கும். கார் மட்டும் லுணுகலை வீதியில் மூன்று நான்கு கை மாறியிருக்கும். “டாக்டர் ஓட்டுன காருங்களாண்ணே?” என்று கேட்கிறவருக்கு “புக்கைப் பாருங்க தம்பி” என்று பதில் வரும். அவர் புத்தகத்தைத்தான் பார்ப்பார், பெடல் ரப்பரைப் பார்க்கமாட்டார். ஓட்டியவர்களின் கால் பட்டது அந்த ரப்பரில்.

துரை ஜீப் பற்றிய எண்ணத்துக்குத் தோட்டத்தின் வரலாறே இருக்கிறது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. லேண்ட் ரோவர் இருந்த இடத்தில் டபிள் கெப் வந்தது. தோட்டத்து வாகனத்துக்குச் சம்பளம் வாங்கும் சாரதி உண்டு, ஓட்டப் பதிவு உண்டு. அதைக் கழுவி, கிரீஸ் வைத்து, சத்தம் மாறினால் முதலில் சொல்கிறவர் அந்தச் சாரதிதான். பெரும்பாலும் அவர் லயத்தில் பிறந்தவர். ஜீப் நன்றாக இருந்தால் சேலில் அந்தப் பெயர் துரைக்குப் போகிறது. அதே சாரதி தன் வீட்டு ஆட்டோவை விற்க வந்தால் அவர் கை பட்ட வண்டிக்கு மதிப்பில்லை.

இக்கட்டுரையாளருக்கு ஆற்றாமை தருவது இந்த இடம்தான். இலங்கையில் பதிவான முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கும் அதிகம். தோட்டத்தில் ஒரு பஜாஜ் ஆட்டோ எப்படி வருகிறது என்று அறிந்தவர்கள் அதை இளக்காரமாகப் பேசமாட்டார்கள். ஓய்வுபெற்ற தாயின் சேமலாப நிதி, அடகுக்குப் போன நகை, கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி அனுப்பிய காசு எல்லாம் சேர்ந்துதான் முற்பணம். மீதிக்கு லீசிங். 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. தோட்டச் சம்பளத்தை நம்பிய வீட்டிலிருந்து மாதத் தவணை கட்டுகிற இளைஞர் வண்டியைப் பாழாக்க விரும்புவாரா? அது படுத்தால் அன்றைய வருமானம் இல்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதே வண்டிதான்.

அப்படியிருந்தும் அவருக்கு விலை குறைத்துத்தான் சொல்கிறார்கள். வாங்க வரும்போது அதே ஆளுக்குக் கூட்டிச் சொல்கிறார்கள். வேறு கடையில் விசாரிக்கமாட்டார், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், சிங்களத்தில் எழுதிய லீசிங் தாளைக் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைப்பார் என்கிற கணிப்பு அதன் பின்னால் இருக்கிறது.

இது பதுளைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க அறிஞர்கள் இயன் அயர்ஸும் பீட்டர் சீகல்மனும் சிக்காகோப் பகுதிக் கார் விற்பனையாளர்களிடம் நடத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஒரே விதமாகப் பேரம் பேசப் பழக்கப்பட்டவர்களை 300க்கும் மேற்பட்ட தடவைகள் இணை இணையாக, ஆனால் தனித்தனியே அனுப்பினார்கள். அதே காருக்கு வெள்ளை ஆண்களிடம் சொன்ன விலையைவிடக் கறுப்பினத்தவரிடமும் பெண்களிடமும் அதிகம் சொன்னார்கள். கறுப்பின ஆண்களுக்குச் சொன்ன விலைதான் எல்லாவற்றிலும் கூடியது. அங்கே இருந்தது புதிய கார், மறைவான குறை எதுவும் கிடையாது. விலை மாறியதற்குக் காரணம் வாசலில் நின்ற ஆள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பதுளையின் வாய்வழிப் பட்டியலில் பல வரிகள் செல்லாமல் போயின. ஐந்து ஆண்டுகளுக்குச் சந்தையில் இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன, விலையும் ஏறியது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்து, தொடக்கத்தில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த 5 லீற்றரில் மலைப்பாதையில் தொழில் செய்து வண்டியையும் காப்பாற்றியவர்கள் யார் என்று கராஜ்காரர்களைக் கேட்டால் தெரியும். கார்புரேட்டரைச் சுத்தமாக வைத்தவர்களும், டயர்க் காற்றைத் தவறாமல் பார்த்தவர்களும், இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டிவிடாதவர்களும் அவர்கள். அவர்களில் லயத்துப் பையன்கள் நிறையப் பேர்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. அதுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள் விற்க வரத் தொடங்கினார்கள். பழைய பழக்கத்துக்கே திரும்பாமல் வேறு விதமாகத் தொழில் செய்ய இது நல்ல சமயம். விற்க வருகிறவரிடம் என்ன வேலை என்று கேட்பதை விட்டு, எந்த வீதியில் ஓடியது, எத்தனை பேரை ஏற்றியது, எந்த கராஜில் வேலை பார்த்தது என்று கேட்கலாம். விலையைக் குறைத்தால் குறைத்த ஒவ்வொரு தொகைக்கும் காரணத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஆட்டோ கொண்டுவந்த ஓர் இளைஞருக்கு இக்கட்டுரையாளர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். பின் டயர்கள் இரண்டு, முன் ஃபோர்க்கில் ஆட்டம், அடித்தட்டில் வெல்டிங் ஒட்டு, எஞ்சினில் குறையில்லை. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பசறையில் தனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் போனார். ஃபோர்க் வேலையை அங்கேயே குறைந்த செலவில் முடித்துக்கொண்டு வந்து, அந்த வரியை வெட்டச் சொன்னார். வெட்டப்பட்டது. டயர்களின் விலையில் இருவருக்கும் தகராறு இல்லை. அடித்தட்டு ஒட்டுக்குப் போட்ட தொகை மட்டும் கூட என்றார். சேலுக்கு எதிரேயிருந்த வெல்டிங் கடையில் இருவரும் சேர்ந்தே விலை கேட்டு, அந்தத் தொகையை எழுதி, அன்றே மாற்றல் தாள்களையும் முழுமையாக நிரப்பி முடித்தார்கள்.